சாப்பாடு போட ஆள் உண்டு, படியை எடுக்க ஆள் இல்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் முன்பெல்லாம் கோவிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம், அதோடு சரி. இப்போது அர்ச்சனை முடிந்த கையோடு வண்டி ஏதாவது ஓர் ஆதரவு இல்லத்துக்குப் போகிறது. பின்சீட்டில் பெரிய டப்பாக்களில் சோறு, கோழிப் பிரட்டல், முட்டைக்கோஸ் பொரியல். யாராவது ஒருவர் மடியில் பத்திரமாகக் கேக். திவசத்துக்கும் அப்படித்தான். தாத்தா இறந்த நாளில் சொந்தக்காரர்களைக் கூட்டிப் படையல் போட்டவர்கள், அந்தப் பணத்தை இல்லத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா மகளுக்குப் பத்து வயது நிறைந்தபோது நாங்களும் போனோம். போன் செய்து நாள் கேட்டால், "சனி ஞாயிறு ரெண்டு மாசத்துக்கு ஆள் இருக்காங்க அண்ணே, செவ்வாய்க்கிழமைன்னா மத்தியானம் வாங்க" என்றார் இல்லத்தைக் கவனிக்கும் அம்மா. செவ்வாய்க்கிழமை போனோம். வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பையனை, பெரிய பையன்கள் இருவர் முன்னும் பின்னும் பிடித்து நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அவன் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். நாற்காலியின் முதுகில் அதை நன்கொடையாகக் கொடுத்த கம்பெனியின் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தது. பாட்டுப் பாடி, கேக் வெட்டி, படம் எடுத்து முடித்த பிறகு, "படிக்குப் பதிலா சிமெண்டுல ஒரு சரிவு போட்டா என்ன?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கேள்வி புதிதாக இல்லை. "சாப்பாடு தரேன்னு வாரத்துக்குப் பத்துப் பேர் கேக்குறாங்க. படிய எடுத்துத் தரேன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த எங்களைப் போன்ற ஊர்களில் ஊனமுற்றோருக்கான இல்லங்கள் இருக்கின்றன. அன்னதானம் செய்யும் சங்கங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலி வழங்கும் விழாக்கள் நடக்கின்றன. உரிமை கேட்கும் அமைப்புகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சனங்களுக்கு இரக்கம் இல்லாததால் அப்படி ஆகிவிடவில்லை. தோட்டத்தின் பழைய வரலாறு, நாட்டின் சட்டம், நன்கொடைப் பணம் ஓடும் வாய்க்கால் மூன்றும் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். தோட்டத்தில் ஆளை அளந்தது உழைப்பை வைத்துத்தான். தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலில் கொண்டுவருவதற்காக 1907இல் சட்டம் போட்டு ஒரு நிதி உருவாக்கினார்கள். முதலில் தமிழ்க் குடியேற்ற நிதி, பிறகு இந்தியக் குடியேற்ற நிதி என்று அதற்குப் பெயர். தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று அதில் கட்டுவார்கள். ஆளைக் கூட்டிவரும் செலவு அதிலிருந்து போனது. உழைக்க முடியாமல் முடங்கிப்போனவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தேதான் போனது. ஓடாத சாமானைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதுபோல. அந்தக் காலத்தில் தோட்டத்தில் மாற்றுத்திறனாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்கு ஆகிறவர், ஆகாதவர் என்று இரண்டே கணக்கு.

கப்பல் நின்ற பிறகும் கணக்கு மாறவில்லை. லயத்து வீடு, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. பால்மரம் சீவுகிறவருக்குக் கண் போனாலோ கால் போனாலோ அவர் இழப்பது சம்பளம் மட்டும் இல்லை. மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் வீடு தங்கும். 1990இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கு என்று தனிச் சட்டமே வந்தது. தண்ணீர், கழிவறை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது வேலையில் இருப்பவரின் வீட்டைப் பற்றிய சட்டம். வேலை போனவர் அதற்கு வெளியே நிற்கிறார். எங்கள் ஊர்க்காரரும் அந்நாளைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து ரிங்கிட்டாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதற்குப் பின்னாலும் இந்தப் பயம்தான் இருந்தது. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டத்தில் உழைப்பவனுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை வந்தது, லயங்கள் உடைந்து சனங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். மின்தூக்கி இல்லாத நாலுமாடி வீடு. லயத்தில் இருந்தவரை வாசல் மண்தரைதான், தவழ்ந்தாவது வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடலாம். மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தவர், கால் போன பிறகு தரையைப் பார்ப்பதே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளில்தான்.

கால் என்று சொன்னேன் இல்லையா, அதை விட்டுவிட்டுப் போக முடியாது. உடற்குறை என்றாலே பிறவியில் வருவது என்ற எண்ணம் நமக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. "போன ஜென்மத்துப் பாவம்" என்று கிழவிகள் சொல்வதும் அதனால்தான். ஊரில் நான் பார்ப்பது வேறு. இங்கே காலை எடுப்பது சர்க்கரை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் கட்டைவிரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. இதோடு மோட்டார் விபத்து, பக்கவாதம், செம்பனைக் குலை விழுந்து முதுகு உடைந்தவர்கள். நாற்பது வருடம் இரண்டு காலோடு நடந்தவர் ஒரு மாதத்தில் 'ஓகேயூ' ஆகிவிடுகிறார். அரசாங்கத்தின் 'ஓராங் கூராங் உப்பாயா' என்ற சொல்லின் சுருக்கம் அது. தமிழிலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பெரியவர்களில் 11.1 விழுக்காட்டினருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது போன்ற ஏதோ ஒன்றில் கடுமையான சிரமம் இருக்கிறது. ஆனால் சமூக நல இலாகாவில் ஓகேயூ என்று பதிந்தவர்கள் 2023 தொடக்கத்தில் 6 லட்சத்துச் சொச்சம், நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 2 விழுக்காடு. ஆய்வும் பதிவும் ஒரே அளவுகோலில் அளப்பதில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. பதிவு கட்டாயம் இல்லை, விருப்பம்தான். பதியாதவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. பதிகிற வேலையில் கைகொடுக்கத்தான் ஊருக்கு ஓர் அமைப்பு வேண்டும்.

எங்கள் பக்கம் சிலர் சேர்ந்து கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசை போடுகிறார்கள். சங்கம் என்று சொல்வதற்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர் ஒருவர், கல்லூரி முடித்த இரண்டு பிள்ளைகள். மேசையில் விண்ணப்பப் பாரம், ஸ்டேப்ளர், ஒரு பொட்டலம் மிக்சர். வருகிறவரிடம் மைகாட் என்ற அடையாள அட்டையின் நகல் எடுத்தீர்களா, பாஸ்போர்ட் அளவுப் படம் இருக்கிறதா என்பதில் தொடங்கும். பாரத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அதற்கு அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். சில வகைகளுக்கு நிபுணரைப் பார்க்க வேண்டும், அதாவது ஈப்போ நகரத்துக்குப் போக வேண்டும். பிறகு பாரம் மாவட்ட நல அலுவலகத்துக்குப் போகும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது, ஆகவே மாவட்ட அலுவலக வேலை எதுவாக இருந்தாலும் கோலகங்சார். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். அறுபது வயதில் மலாய் பாரத்தைக் கைப்பேசியில் நிரப்பச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

வகை ஏழு: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை. அட்டை கையில் வந்துவிட்டால் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணம் இல்லை, ரயில் டிக்கெட்டில் பாதி கழிவு, கடப்பிதழுக்குக் கட்டணம் இல்லை. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஓகேயூவுக்கான மாதப்படியை 2021இல் 450 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். அப்போது வேலை செய்யவே முடியாதவருக்கு 300. படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்பவருக்கு 500.

மேசைக்காரர்களிடம் கேட்டால், கார்டைவிட முக்கியமான ஒரு கேள்வி அவர்களிடம் இருக்கிறது: "சொக்சோ கட்டினீங்களா?" தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. அதற்கான சட்டம் 1969இல் வந்தது. வேலையில் அடிபட்டால் மட்டும்தான் பணம் என்று சனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சர்க்கரையால் கால் போனாலும், தன்னைப் போன்ற தொழிலாளி ஒருவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இனிச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு சொன்னால், போதிய மாதங்கள் சந்தா கட்டியிருந்தால், ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம் கிடைக்கும். வயது வரம்பு உண்டு, அதனால் தள்ளிப்போட முடியாது. இதைத் தெரியாமல் இரண்டு மூன்று வருடம் வீட்டில் சும்மா கிடந்தவர்கள் மேசைக்கு வந்திருக்கிறார்கள். கிராணியாக இருந்தவருக்கு இதில் தனி ருசி. பழைய சம்பளச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, கழித்த சந்தாவைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்க முடியாத இடமும் இருக்கிறது. கொந்திராக்டரிடம் வேலை செய்தவருக்குச் சீட்டே இருக்காது.

இன்னும் ஒரு படி கீழே இருப்பவர்கள் அடையாள அட்டையே இல்லாதவர்கள். தோட்டத்தில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டு, அல்லது பெற்றோரின் திருமணம் பதிவாகாமல், பிறப்புப் பத்திரத்திலேயே சிக்கல் உள்ளவர்கள். டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற அமைப்பு பல வருடங்களாக இப்படிப்பட்ட இந்தியர்களைத் தேடிப் பிடித்து, ஆவணம் சேர்த்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உதவி வருகிறது. ஊனமுற்ற ஒருவருக்கு ஓகேயூ கார்டு வாங்கப் போய் அவருக்கு மைகாட்டே இல்லை என்று தெரியவரும்போது, வேலை இரண்டு மாதத்திலிருந்து பல வருடங்களுக்குத் தாவிவிடுகிறது.

சரி, இது எல்லாம் உதவி வாங்கித் தரும் வேலை. உரிமை எங்கே?

மலேசியாவில் 2008இல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது, சட்ட எண் 685. நல்ல நோக்கத்தோடு எழுதிய சட்டம். உடலில் குறை என்பதோடு நிற்காமல், அந்தக் குறையும் சுற்றியிருக்கும் தடைகளும் சேர்ந்துதான் ஒருவரை முடக்குகின்றன என்று அதன் விளக்கப் பகுதியே சொல்கிறது. அந்த ஒரு வரிப்படி பார்த்தால் இல்லத்துப் பையனின் ஊனத்தில் பாதி அவன் காலில், பாதி அந்த மூன்று படிகளில். பொதுக் கட்டடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை எல்லாவற்றையும் பயன்படுத்த ஓகேயூக்களுக்கு உரிமை உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. சொல்லிவிட்டு, அந்த உரிமையைக் கொடுக்காதவருக்கு என்ன தண்டனை என்ற இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அதுபோக 41ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த அல்லது செய்யத் தவறிய காரியத்துக்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. பல் இல்லாத சட்டம் என்று இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பல் இல்லாத வாய்க்குப் பூட்டும் போட்ட மாதிரித் தெரிகிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே நடைமுறையில் ஆயிரம் குறை சொல்வார்கள். ஆனாலும் விதியை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை என்று ஏட்டிலாவது இருக்கிறது. ஊனமுற்றவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் சிறைத் தண்டனைகூட உண்டு. கையில் ஒரு கல் இருக்கிறது என்று தெரிந்தாலே நாய் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

நம் அரசியலமைப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 8ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் 'பால்' சேர்ந்ததே 2001இல்தான். ஊனம் இன்னும் சேரவில்லை. ஊனமுற்றோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 2008 ஏப்ரலில் கையெழுத்திட்டு 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்ட மலேசியா, தனிநபர் நேராகப் புகார் கொடுக்க வழிவிடும் துணை ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஹராப்பான் ஓகேயூ என்ற சட்டச் சீர்திருத்தக் குழு இந்த ஓட்டைகளைத்தான் அடைக்கச் சொல்கிறது. அரசியலமைப்பில் ஊனம் என்ற சொல் வேண்டும், சட்டம் 685க்குப் பல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1990களில் கோலாலம்பூரில் புதிய இலகு ரயில் வந்தபோது, சக்கர நாற்காலியோடு ஏற முடியாத நிலையங்களை எதிர்த்து ஊனமுற்றவர்களே தெருவில் இறங்கினார்கள். பத்து வருடம் கழித்து, ஏற முடியாத பஸ்களை எதிர்த்து மறுபடியும் இறங்கினார்கள். பார்வையற்றோருக்காக 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதோடு பார்வையற்றவர்களே உறுப்பினராகவும் தலைவராகவும் இருக்கும் தனிச் சங்கமும் உண்டு. 'அவர்களுக்காக' நடத்துவதும் 'அவர்களே' நடத்துவதும் வெவ்வேறு என்ற வாதம் அங்கே நெடுநாளாக நடந்துவருகிறது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மேலவை உறுப்பினரான பத்மாவதி கிருஷ்ணன், தண்டுவடக் காயம் அடைந்தவர்களின் சங்கத்தில் உழைத்தவர். கவனித்தால் இவற்றில் பெரும்பாலானவை தலைநகரத்துக் கதை. பஸ்ஸே வராத ஊரில் ஏறுவதற்கு வசதியான பஸ் கேட்டு எங்கே போய் நிற்பது?

ஊர்ப்பக்கம் வேறு வழியில் வந்தது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூகநல இலாகா தொடங்கிய 'பி.டி.கே.' என்ற சமூக அடிப்படையிலான மறுவாழ்வுத் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. பெற்றோரும் ஊராரும் சேர்ந்த குழு நடத்தும் பகல்நேர மையம் அது. கொள்கை என்னவென்றால் பிள்ளையை எங்கோ தூரத்து இல்லத்தில் விட வேண்டாம், வீட்டில் இருந்தபடியே பயிற்சி பெறட்டும் என்பதுதான். பேராக்கிலேயே, தோட்டங்கள் சூழ்ந்த ஹூத்தான் மெலிந்தாங் பக்கம் சிம்பாங் அம்பாட்டில், லுத்தரன் சபையினர் 1960களில் தொடங்கிய பெத்தானி இல்லம் இருக்கிறது. கற்றல் குறையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் ஏறெடுத்தும் பார்க்காத காலத்திலேயே அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இடம். அரசாங்கப் பள்ளிகள் ஊனமுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை வந்தது 2019இல். இடையில் ஐம்பது வருடத்துக்கு மேல். அத்தனை வருடம் அரசாங்கம் செய்யாததை இல்லங்கள் செய்தன. இதை மறந்துவிட்டு இல்லங்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

தோட்டத்தில் உரிமைக்குரல் இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுங்கை சிப்புட்டிலேயே டாக்டர் ஜெயக்குமாரும் நண்பர்களும் நடத்திய 'அலைகள்' தோட்டத்து வீடு, சம்பளம் பற்றிப் போராடியது. சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தெனகனீத்தாவைத் தொடங்கினார். செம்பனைக்கு மருந்தடிக்கும் பெண்களின் உடல் கெடுவதைப் பற்றி அந்த அமைப்பு ஆதாரம் சேர்த்து எழுதியது. கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், நகம் கழன்று விழுதல். தோட்டத்தில் ஊனத்தைத் தயாரிக்கிற ஒரு வேலையைக் கையும் களவுமாகக் காட்டியது அதுதான். அப்பெண்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை 2002இல் தடைசெய்யப் போவதாக அறிவித்த அரசாங்கம், 2006இல் பின்வாங்கியது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. அதே ஐரின், தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995இல் அறிக்கையாக எழுதியதற்காக 1996இல் குற்றம் சாட்டப்பட்டார். 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள், 2008இல்தான் விடுதலையானார். சாப்பாடு போடுகிறவர் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பணத்துக்கு வருவோம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்பது 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம். பதிந்த பிறகு ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கு அனுப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த செயலாளர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டால் கணக்கு நிற்கும், பதிவு போகும். தோட்டத்து ஊர்களில் பல சங்கங்கள் செத்தது இப்படித்தான், சண்டை போட்டு இல்லை. சங்கம் நிலைத்துவிட்டால் அடுத்தது வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு. அந்த அங்கீகாரம் கிடைத்தால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு. மருந்தடிக்கும் பெண் கொடுக்கும் ஐந்து ரிங்கிட்டுக்கு வரிக்கழிவு எதற்கு, அவர் வரியே கட்டுவதில்லை. கேட்பவை கம்பெனிகள். அவை விரும்புவது எண்ணிக் காட்டக்கூடிய பொருள்: இருபது சக்கர நாற்காலி, ஐம்பது அரிசிப் பை, மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரிக் காசோலை. ஒரு கட்டடத்தின் படியைப் பற்றி ஆறு மாதம் கடிதம் எழுதுவதற்கு எந்தக் கம்பெனி காசோலை தரும், அதை எப்படிப் படம் பிடிப்பது?

மேடையில் வாங்கிய நாற்காலி வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தரைக்காகச் செய்த நாற்காலி அது, முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான். தோட்டத்துச் செம்மண் பாதையில் மழை பெய்த மறுநாள் பத்தடி போனதும் புதைந்துவிடும். ஒரு வீட்டில் அதில் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார், "கம்பெனிக்காரன் பாத்தா திரும்ப வாங்கிக்குவான், சொல்லிடாதீங்க தம்பி."

அரசாங்க மானியமும் இருக்கிறது. 2018இல் மித்ரா என்று பெயர் மாறிய இந்தியர் உருமாற்றப் பிரிவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. அதிலிருந்து அமைப்புகளுக்குப் பணம் போன விதம் பற்றி 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. அதன் விளைவாக, ஒழுங்காக வேலை செய்தவர்களையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது. மேசைக்காரர்களிடம் "நீங்க எவ்வளவு வாங்குனீங்க?" என்று நேராகவே கேட்டவர் உண்டு. சாப்பாட்டுக் கடையில் நாம் தோசை சாப்பிடும்போது ஒரு பையன் கோப்போடு வந்து, இல்லத்துக்காக என்று சாவிக்கொத்து நீட்டுகிறான். கோப்பில் படம், முத்திரை எல்லாம் இருக்கும். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும் என்பதும், ஆள் தங்கும் இல்லம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவாக வேண்டும் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான ஆளாக இருந்தால் கோபப்படாமல் எடுத்துக் காட்டுவான்.

அந்த மூன்று படிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அக்கா வீட்டுக்காரர் கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு மத்தியானச் சாப்பாட்டுச் செலவில் முடித்துவிடலாம் என்றார் அவர். முடித்தும் விட்டார். மோட்டாரை வீட்டுக்குள் ஏற்றுவதற்குப் போடுவார்களே, அந்த மாதிரிச் செங்குத்தாக ஒரு சரிவு. பையனை மேலே தள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது, கீழே இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் இரண்டு பேர். மேசைக்கு வரும் கல்லூரிப் பெண்தான் கணக்குச் சொன்னாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், மலேசியத் தரவிதி அப்படித்தான் சொல்கிறது. மூன்று படிக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் என்றால் சரிவு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீள வேண்டும். வாசலில் அவ்வளவு இடமில்லை. பழையதை உடைத்து, கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாகத் திருப்பிக் கொண்டுபோய், நடுவில் நாற்காலி திரும்ப ஒரு சமதளம் விட்டு, இரண்டு பக்கமும் குழாய்க் கைப்பிடி வைத்தார்கள். செலவு மூன்று சாப்பாட்டுக்கு மேல் ஆனது.

இப்போது பையன் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வருகிறான். சாயங்காலம் வேலிவரை வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே கார் நிறுத்த இடம் போய்விட்டதால், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. வெயிலில் கேக் உருகிவிடுகிறது என்று ஒன்றிரண்டு பேர் குறைபட்டுக்கொண்டதாக அந்த அம்மா சொன்னார்.